சிறுவயது ஆடம்பரங்கள் எப்படிச் சாதாரணமாகின்றன?

குழாயைத் திறந்தவுடன் வரும் வெந்நீர், படிப்பதற்கென்று தனியாக ஒரு மேசை விளக்கு, 24 நிறங்கள் கொண்ட வண்ணப் பென்சில் பெட்டி, மூத்தவர் உடுத்திக் கழித்ததாக இல்லாத புத்தாடை, தொலைவில் இருக்கும் உறவினரோடு தொலைபேசியில் பேசக் கிடைத்த சில நிமிடங்கள் என, வளர்ந்தவர்கள் தங்கள் சிறுவயது ஆடம்பரங்களாக நினைவுகூர்பவை பெரும்பாலும் இத்தகைய எளிய பொருள்களே. அவர்களில் பலர் இன்று அவற்றை இரண்டாம் முறை யோசிக்காமல் பயன்படுத்துகிறார்கள். இந்த மாற்றத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு விளக்கங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. அந்தக் காலத்தில் பொருளின் அருமை தெரிந்திருந்தது, இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை என்பது ஒன்று. அவை ஆடம்பரங்களே அல்ல, கையில் காசில்லாததால் அப்படித் தோன்றின என்பது மற்றொன்று.

இரண்டுமே மேம்போக்கானவை என்று நான் கருதுகிறேன். முதலாவது விளக்கம் பிள்ளைகளின் குணத்தின் மீது பழியைப் போடுகிறது. இரண்டாவது, பெரியவர்களின் நினைவைப் பொய்யாக்குகிறது. ஆடம்பரத்தைப் பொருளுக்குள்ளேயே பொதிந்திருக்கும் ஒரு தன்மையாக எண்ணிக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. பொருளியலும் உளவியலும் இதற்குத் தரும் விளக்கம் வேறு. அதைப் புரிந்துகொள்ள முன்னறிவு எதுவும் தேவையில்லை.

## மூன்று பாத்திரங்கள்

ஒரு பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், இன்னொன்றில் நன்கு குளிர்ந்த நீர், இரண்டுக்கும் நடுவில் வைத்த மூன்றாவதில் வெதுவெதுப்பான நீர். ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்நீரிலும் ஓரிரு நிமிடங்கள் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் நடுப்பாத்திரத்துக்கு மாற்றினால், வெந்நீரிலிருந்து வந்த கைக்கு அந்த நீர் குளிர்கிறது. குளிர்நீரிலிருந்து வந்த கைக்கு அதே நீர் சுடுகிறது. 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக் சுட்டிக்காட்டிய இந்த அனுபவத்தை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

நீரின் வெப்பநிலை ஒன்றுதான். எந்தக் கையும் பொய் சொல்லவில்லை. கை எங்கிருந்து வந்தது என்பதே அதற்கு என்ன படுகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. ஆடம்பரம் என்ற உணர்வும் இவ்வாறே, பொருளுக்கும் அதை அணுகுபவரின் நிலைக்கும் இடையே உள்ள தொலைவிலிருந்து பிறக்கிறது. அந்தத் தொலைவு எதனால் உண்டாகிறது, பிறகு எதனால் குறைகிறது என்பதைத்தான் இனி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

## பொருளியல் எதை ஆடம்பரம் என்கிறது

அன்றாடப் பேச்சில் ஆடம்பரம் என்றால் தேவைக்கு மிஞ்சியது, வீண்செலவு என்ற கண்டனமும் சேர்ந்தே ஒலிக்கும். பொருளியலில் அந்தக் கண்டனம் கிடையாது. அங்கே ஆடம்பரத்தை அளக்கும் கருவி 'வருமான நெகிழ்ச்சி' எனப்படுகிறது. ஒருவரின் வருமானம் 1 விழுக்காடு உயரும்போது, ஒரு பொருளுக்கான அவரது தேவை எத்தனை விழுக்காடு உயர்கிறது என்பதைச் சொல்லும் எண் இது. வருமானம் 10 விழுக்காடு கூடியதும் ஒரு குடும்பம் உடைக்குச் செலவிடுவது 15 விழுக்காடு கூடினால், அந்தக் குடும்பத்துக்கு உடையின் வருமான நெகிழ்ச்சி 1.5. விளக்கெரிக்கும் செலவு 3 விழுக்காடு மட்டும் கூடினால், அதன் நெகிழ்ச்சி 0.3. ஒன்றுக்கு மேல் இருந்தால் அது ஆடம்பரப் பண்டம். ஒன்றுக்குக் கீழே, ஆனால் சுழியத்துக்கு மேலே இருந்தால் அது அத்தியாவசியப் பண்டம்.

இந்தச் சிந்தனைக்கு அடித்தளமிட்டவர் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கல். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்த அவர், குடும்பம் எவ்வளவு ஏழ்மையானதோ அவ்வளவு பெரிய பங்கு உணவுக்கே போய்விடுகிறது என்பதை 1857இல் எடுத்துரைத்தார். இன்றும் பாடநூல்களில் ஏங்கல் விதி என்ற பெயரில் இது இடம்பெறுகிறது. உணவுக்கும் உறைவிடத்துக்கும் போக எஞ்சுவது சொற்பமாக இருக்கும் வீட்டில், மற்ற அனைத்தும் அந்தச் சொற்பத்துக்காக ஒன்றோடொன்று போட்டியிட வேண்டியிருக்கிறது. வண்ணப் பென்சில் வாங்கினால் குடை இல்லை. குடை வாங்கினால் செருப்புத் தைக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட நேரும் மற்றொன்றின் மதிப்பையே பொருளியலாளர்கள் 'வாய்ப்புச் செலவு' என்கிறார்கள். விலைச்சீட்டில் அச்சாகியிருப்பது எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும், வாய்ப்புச் செலவு வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் பென்சில் பெட்டியின் உண்மையான விலை ஒரு குடை. இன்னொரு வீட்டில் அதற்காக யாரும் எதையும் கைவிட வேண்டியதில்லை.

சுருங்கச் சொன்னால், ஆடம்பரப் பண்டம் என்ற பெயர் பொருளுக்கு நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை. ஒரு குறிப்பிட்ட வருமான நிலையில், ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு அது பொருந்துகிறது. குடும்பம் மேலேறும்போது பெயர் வேறு பொருளுக்குப் போய்விடுகிறது. ஆகவே 'அவை ஆடம்பரங்களே அல்ல' என்ற இரண்டாவது விளக்கம் தவறு. அந்த வீட்டுக்கு, அந்த ஆண்டில், அவை ஆடம்பரங்கள்தாம்.

## குழந்தை எதைப் பார்க்கிறது

இந்தத் தலைப்பில் அதிகம் பேசப்படாத பகுதி இதுவே. என் பார்வையில் மிக முக்கியமான பகுதியும் இதுவே. ஆறு வயதுக் குழந்தைக்கு வீட்டின் வருமானம் தெரியாது. வாய்ப்புச் செலவைக் கணக்கிட்டு முடிவெடுப்பவர்கள் பெற்றோர். அந்தக் கணக்கு குழந்தையின் காதில் விழுவதில்லை. பிறகு எப்படி அது ஆடம்பரத்தை அடையாளம் காண்கிறது? பொருளைச் சுற்றி வீட்டில் புழங்கும் விதிகளை வைத்துத்தான். எது அலமாரியின் மேல்தட்டில் ஏறுகிறது, எதற்கு அனுமதி கேட்க வேண்டும், எது விருந்தினர் வரும்போது மட்டும் வெளியே வருகிறது, எது காய்ச்சலில் படுத்திருக்கும்போது மட்டும் கேட்காமலேயே கிடைக்கிறது, எதை எண்ணிப் பயன்படுத்துகிறார்கள் என்பதையெல்லாம் குழந்தை ஓயாமல் கவனித்துக்கொண்டே இருக்கிறது.

வண்ணப் பென்சில் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். எளிதில் இன்னொன்று வாங்க முடியாத வீட்டில், சில மாதங்கள் கழித்து அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால், பென்சில்களின் உயரமே ஒரு கணக்கேடாக இருக்கும். வானத்துக்கும் கடலுக்கும் செலவான நீலம் விரல்நுனியில் பிடிக்கும் அளவுக்குக் குட்டையாகியிருக்கும். இலைகளுக்குப் போன பச்சை அதைவிடச் சற்று உயரம். வெள்ளைத் தாளில் தெரியாத வெள்ளைப் பென்சில் மட்டும் வாங்கிய நாளின் உயரத்திலேயே நிற்கும். நுனி உடையாமலிருக்கக் கூர்தீட்டியை மெதுவாகத் திருப்பும் கை, பெரிய வானத்தை முழுவதும் நிரப்பாமல் ஓரங்களில் மட்டும் நீலம் தீட்டி நிறுத்தும் சிக்கனம், தங்க நிறத்தை எதற்காவது வேண்டியிருக்கும் என்று தொடாமல் வைத்திருக்கும் எச்சரிக்கை ஆகிய அனைத்தும் யாரும் கற்றுக்கொடுக்காமலேயே வருகின்றன. பென்சிலின் அருமை அந்தக் குழந்தையின் குணத்தில் இருந்து பிறந்தது என்று சொல்வது எளிது. அடுத்த பெட்டி எப்போது வரும் என்று தெரியாத நிலையில் இருந்து பிறந்தது என்பதே சரி.

படச்சுருள் இருந்த காலத்து ஒளிப்படங்களுக்கும் இது பொருந்தும். ஒரு சுருளில் 24 அல்லது 36 படங்கள், அவ்வளவுதான். கருவியின் மேலே எத்தனை படங்கள் எடுத்தாயிற்று என்று காட்டும் சிறு எண் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒன்று நகரும். அதனால் குடும்பமே வரிசையாக நின்று, தலைமுடியைச் சரிசெய்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு படத்துக்குத் தயாராகும். எப்படி வந்தது என்பதைச் சுருளைக் கழுவி வாங்கும்வரை அறிய முடியாது. ஒரு பொருளின் அளவு கூடிக்கொண்டே போகும்போது, அடுத்து வரும் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைந்த நிறைவையே தருகிறது என்பதைக் 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்கிறார்கள். முப்பத்தாறில் ஒரு படத்துக்கும் ஆயிரங்களில் ஒரு படத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த விதியின் இரண்டு முனைகள்.

ஆக, குழந்தையின் நினைவில் ஆடம்பரமாகப் பதிவது அந்த வீட்டின் எல்லைக்கோடு. எங்கே 'இப்போது வேண்டாம்' என்ற பதில் தொடங்கியதோ, அங்கே அந்தக் கோடு ஓடியது. ஒரே தெருவில் வளர்ந்த, ஒரே வயதுடைய இருவரின் பட்டியல்கள் வெவ்வேறாக இருப்பதன் காரணம் இதுதான். ஒரே வீட்டிலேயே, இடைவெளி விட்டுப் பிறந்த மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும்கூடப் பட்டியல் மாறுவதுண்டு.

## பொருள்கள் மலிவாகும் வழி

குடும்பத்தின் வருமானம் உயர்வது தொலைவு குறைவதற்கான ஒரு வழி. பொருளே நம்மை நோக்கி இறங்கி வருவது இன்னொரு வழி.

அலுமினியம் இதற்கு நல்ல சான்று. புவியின் மேலோட்டில் மிக அதிகமாக உள்ள உலோகம் அதுவே. ஆயினும் கனிமத்திலிருந்து அதைப் பிரித்தெடுப்பது கடினமாக இருந்ததால், 19ஆம் நூற்றாண்டில் அது அரும்பொருளாக மதிக்கப்பட்டது. 1884இல் அமெரிக்கத் தலைநகரில் வாஷிங்டன் நினைவுத்தூணைக் கட்டி முடித்தபோது, அதன் உச்சியில் சுமார் 2.8 கிலோகிராம் எடையுள்ள சிறு அலுமினியப் பிரமிடு ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்கு இரண்டே ஆண்டுகளுக்குப் பின், 1886இல், அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் ஒருவரையொருவர் அறியாமலேயே மின்னாற்பகுப்பின் மூலம் அலுமினியத்தைப் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். நினைவுச்சின்னத்தின் உச்சிக்கு உரிய மாண்புடன் இருந்த உலோகம், பிறகு சமையலறைப் பாத்திரமாகவும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் மெல்லிய தாளாகவும் ஆனது.

இத்தகைய பெரிய கண்டுபிடிப்பு இல்லாமலும் பொருள்கள் மலிவாவதுண்டு. விமானத் தயாரிப்பை ஆராய்ந்த தியோடர் ரைட் என்ற பொறியாளர், அதுவரை தயாரித்த மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்புச் செலவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைவதை 1936இல் பதிவுசெய்தார். செய்யச் செய்யக் கை தேர்கிறது, கழிவு குறைகிறது. இதற்குக் 'கற்றல் வளைகோடு' என்று பெயர். ஒரு பொருளைச் சிலர் மட்டும் வாங்கும் கட்டத்திலிருந்து எல்லோரும் வாங்கும் கட்டத்துக்குக் கொண்டுவருவதில் இந்த ஓசையில்லாத தேர்ச்சிக்குப் பெரும் பங்குண்டு.

## மனம் பழகிப்போகும் விதம்

வருமானம் உயர்ந்து விலை இறங்கினால் பொருள் கைக்கு வந்துவிடும் என்பது சரி. ஆனால் கைக்கு வந்த பின்னும் அது ஆடம்பரமாகவே உணரப்பட்டிருக்கலாமே? நாள்தோறும் குழாயில் வெந்நீர் வருவதைக் கண்டு நாள்தோறும் வியக்கலாமே? ஏன் அப்படி நடப்பதில்லை என்பதற்கு விடை உளவியலில் இருக்கிறது.

மாறாமல் தொடரும் நன்மைக்கோ தீமைக்கோ மனம் பழகி, அதன் மீதான உணர்ச்சி படிப்படியாக மங்குவதை 'மனத் தகவமைப்பு' எனலாம். 1971இல் பிலிப் பிரிக்மனும் டொனால்ட் கேம்பலும் இதை விரிவாக முன்வைத்தார்கள். 1978இல் பிரிக்மன் தம் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட ஆய்வு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. பரிசுச்சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேர், தம்மைச் சுற்றியிருந்த மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை என்பதையே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் பொருளுக்கு அதைவிட நெருக்கமான முடிவு ஒன்றும் அந்த ஆய்வில் உண்டு. நண்பரோடு பேசுவது, தொலைக்காட்சி பார்ப்பது போன்ற அன்றாடச் செயல்களில் பரிசு வென்றவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாக இருந்தது. இருபத்திரண்டு பேரை வைத்து உலகுக்கே சட்டம் இயற்றிவிட முடியாதுதான். ஆனாலும், பெரிய இன்பம் ஒன்று வந்து அளவுகோலை உயர்த்திவிட்டால் சிறிய இன்பங்கள் அந்த அளவுகோலின் அடியில் போய்விடும் என்ற கருத்துக்கு அது ஒரு தொடக்கப் புள்ளியாக அமைந்தது.

அந்த அளவுகோலின் பெயர் 'ஒப்பீட்டுப் புள்ளி'. டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, நாம் எதையும் அதன் முழு அளவில் மதிப்பிடுவதில்லை. வழக்கமாகிப்போன ஒரு நிலையிலிருந்து அது எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்றுதான் மதிப்பிடுகிறோம். அதிலும் கீழே விழுவது, அதே அளவு மேலே ஏறுவதைவிட வலிமையாக உறைக்கிறது. மூன்று பாத்திரங்களில் கை எங்கிருந்து வந்தது என்று கேட்டோமே, அந்த 'எங்கிருந்து' என்பதன் இன்னொரு பெயர்தான் ஒப்பீட்டுப் புள்ளி.

வெந்நீர் முதன்முதலாகக் குழாயில் வந்தபோது, அடுப்பில் காய்ச்சிச் சுமந்து வருவது ஒப்பீட்டுப் புள்ளியாக இருந்தது. வெந்நீர் அதற்கு மேலே, ஓர் ஆதாயமாக நின்றது. சில மாதங்களில் குழாய் வெந்நீரே ஒப்பீட்டுப் புள்ளியாகிவிட, அது கண்ணில் படாமல் போனது. பின்னர் ஒரு நாள் கருவி பழுதாகும்போது, சிறுவயதில் நாள்தோறும் சலிக்காமல் செய்த அதே வேலை பெரும் குறையாகப் படுகிறது. ஒரு பொருள் நமக்கு ஆடம்பர நிலையிலிருந்து அத்தியாவசிய நிலைக்கு மாறிவிட்டதா என்று அறிய இதைவிடத் தெளிவான சோதனை இல்லை. இருக்கும்போது மகிழ்ச்சி தராமல், இல்லாதபோது எரிச்சல் தந்தால், மாற்றம் முடிந்துவிட்டது என்று பொருள்.

பழகிப்போதல் மீள முடியாத ஒன்றா என்றால், முற்றிலும் அப்படியல்ல. லீஃப் நெல்சனும் டாம் மேவிஸும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், உடல் பிடித்துவிடும் சுகத்தை இடையில் சற்று நிறுத்திப் பிறகு தொடர்ந்தபோது, தடையின்றிப் பெற்றவர்களைவிட இடைவெளியுடன் பெற்றவர்களே அதை அதிகம் அனுபவித்தார்கள். பெரும்பாலோர் இடைவெளி வேண்டாம் என்றே முன்கூட்டிச் சொல்வார்கள் என்பதையும் அவர்கள் கண்டார்கள். சிறுவயதில் இந்த இடைவெளிகள் தாமாகவே அமைந்திருந்தன. வீட்டின் வசதிக்குறைவு அவற்றை உண்டாக்கியது. குழந்தை அவற்றை விரும்பிக் கேட்கவில்லை.

இதுவரை கண்ட மூன்று நகர்வுகள்: குடும்பத்தின் வருமானம் மேலே போகிறது, பொருளின் விலை கீழே வருகிறது, இரண்டும் சந்தித்த பின் மனத்தின் ஒப்பீட்டுப் புள்ளி அந்த உயரத்துக்கு ஏறிவிடுகிறது. முதலிரண்டும் பொருளைக் கைக்குக் கொண்டுவருகின்றன; மூன்றாவதுதான் அதன் பளபளப்பை நீக்குகிறது.

## பிறர் கையில் இருப்பது

ஒப்பீட்டுப் புள்ளியை நம் பழக்கம் மட்டும் அமைப்பதில்லை, அக்கம்பக்கமும் அமைக்கிறது. பண்டைய கிரேக்கரும் உரோமரும் லினன் துணி இல்லாமலே வசதியாக வாழ்ந்தார்கள் என்றும், ஆனால் தம் காலத்து ஐரோப்பாவில் ஒரு கூலித் தொழிலாளிகூட லினன் சட்டை இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவார் என்றும் 1776இல் ஆடம் ஸ்மித் எழுதினார். எல்லோரிடமும் வந்துவிட்ட பொருள் ஆடம்பரத் தகுதியை இழப்பதோடு நிற்காமல், இல்லாதவரைத் தலைகுனியவும் வைக்கிறது. வகுப்பில் மற்ற அனைவரிடமும் 24 நிறங்கள் இருக்கும்போது 6 நிறங்களோடு உட்காரும் பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

## எதிர்த்திசையில் போனவை

சிறுவயதில் ஆடம்பரமாக இருந்தவை சாதாரணமானதைப் பற்றியே பேசுகிறோம். அன்று சாதாரணமாக இருந்து இன்று ஆடம்பரமானவையும் உண்டு. பக்கத்தில் அமர்ந்து பொறுமையாகக் கதை சொல்லும் ஒரு பெரியவர், அவசரமில்லாத ஒரு மாலை, ஒரே மாணவருக்கு முன்னால் உட்கார்ந்து கற்றுத்தரும் ஆசிரியர், நோயாளியின் அருகிலேயே இருந்து கவனிக்கும் கைகள்.

இதற்கும் ஒரு பொறிமுறை இருக்கிறது. 1960களில் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் நிகழ்கலைகளின் வரவு செலவை ஆராய்ந்தபோது அதைக் கண்டறிந்தார்கள். நால்வர் சேர்ந்து வாசிக்க வேண்டிய இசையை இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு வாசிக்க எவ்வளவு நேரமும் எத்தனை பேரும் தேவைப்பட்டார்களோ, அதே நேரமும் அதே நால்வரும் இன்றும் தேவை. தொழிற்சாலையில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் செய்யும் பொருளின் அளவு பன்மடங்கு பெருகிவிட்டது. அதனால் ஊதியங்களும் பொதுவாக உயர்ந்தன. இசைக் கலைஞரின் உழைப்பு அவ்வாறு பெருகவில்லை என்றாலும், அவருடைய ஊதியமும் மற்றவற்றோடு சேர்ந்து உயர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். விளைவாக, மனிதரின் நேரமே சரக்காக உள்ள சேவைகள் மற்ற பொருள்களோடு ஒப்பிடும்போது விலை ஏறிக்கொண்டே போகின்றன. இதைப் 'பாமோல் விளைவு' என்பர். இயந்திரத்தால் செய்யக்கூடியவை மலிந்த அதே ஓட்டத்தில், இயந்திரத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாதவை அரிதாயின.

வீட்டுக்குள்ளும் இதே கணக்கு ஓடுகிறது. பெற்றோரின் ஒரு மணி நேர வேலைக்குக் கிடைக்கும் ஊதியம் உயர உயர, அந்த ஒரு மணி நேரத்தைப் பிள்ளையோடு சும்மா உட்கார்ந்திருக்கச் செலவிடுவதன் வாய்ப்புச் செலவும் உயர்கிறது. பென்சில் பெட்டிக்கு அன்று ஒரு குடையை விட்டுக்கொடுத்த வீடு, இன்று மாலை நேரத்துக்கு எதை விட்டுக்கொடுப்பது என்று தடுமாறுகிறது.

## பிள்ளைகளின் மீதான பழி

இனி முதலாவது விளக்கத்துக்கு வரலாம். பிள்ளைகளுக்கு அருமை தெரியவில்லை என்று குறைசொல்பவர், தம்முடைய ஒப்பீட்டுப் புள்ளியை அவர்கள் மீது சுமத்துகிறார். குழாயில் வெந்நீர் வரும் வீட்டில் பிறந்த குழந்தைக்கு அந்த வெந்நீர் ஆதாயமாக ஒருபோதும் வந்து சேரவில்லை. அது தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்தது. இல்லாத தொலைவைக் கடந்து வந்ததாக அந்தக் குழந்தை உணர முடியாது. நாமும் அப்படித்தான். எழுத்தறிவும் தடுப்பூசியும் சலவைச் சோப்பும் நம் முன்னோருக்கு எட்டாதவையாக இருந்தன என்பதற்காக நாம் அவற்றைக் கண்டு நாள்தோறும் வியப்பதில்லை. அதை நன்றிகெட்டதனம் என்று யாரும் நம்மைச் சொன்னதுமில்லை.

பிள்ளைகளுக்கு ஆடம்பர உணர்வு இல்லை என்பதும் உண்மையன்று. அவர்களுடைய எல்லைக்கோடு வேறோர் இடத்தில் ஓடுகிறது. தாங்களே எண்ணிப் பார்ப்பது எதை, அனுமதி கேட்கத் தயங்குவது எதற்கு, கிடைத்ததும் உடனே தொடாமல் பத்திரப்படுத்துவது எதை என்று கவனித்தால், அந்த வீட்டில் இப்போது எது குறைவாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். சில வீடுகளில் அது இன்னமும் வண்ணப் பென்சில்தான். வேறு சில வீடுகளில், தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவோ அம்மாவோ ஒரு முழு ஆட்டம் முடியும்வரை கூடவே உட்கார்ந்து விளையாடுவது.